தகரக் கூரை வீட்டில் சூட்டைக் குறைப்பது: தோட்டப்புற நகர வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டுச் சூட்டைக் குறைக்க வழி தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பாலைவன ஊர்க்காரர்களின் யோசனைகள்தான். ராஜஸ்தானில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஈரானின் யாஸ்ட் நகரில் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கக் கோபுரமே கட்டியிருக்கிறார்கள். ஜெய்சால்மரில் கனத்த கல் சுவர். எல்லாமே அந்த மண்ணுக்கு அருமையான ஏற்பாடு. அதே வேலையை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலோ பாகான் செராயிலோ ஒரு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் செய்தால் வீடு புழுங்கும், அலமாரியில் பூஞ்சை பிடிக்கும்.

காரணம் ஈரப்பதம். பாலைவனத்தில் 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 15 விழுக்காடு என்றால், நீர் ஆவியாவதை வைத்தே காற்றை 21 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்க முடியும். நம் ஊரில் 33 டிகிரி, 65 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீரைத் தெளித்தாலும் 27, 28 டிகிரிக்குக் கீழே காற்று இறங்காது. அந்தக் காற்றும் ஈரத்தால் நிரம்பியிருக்கும், உடம்பில் வியர்வை காயாது. அதனால்தான் தண்ணீர் ஊற்றி ஓட்டும் 'ஏர் கூலர்' கடையில் நின்று பார்க்கும்போது ஜில்லென்று இருக்கிறது, சாத்திய படுக்கையறையில் ஒரு மணி நேரம் ஓடினால் மூச்சு முட்டுகிறது. அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறு செலவு இருக்கிறது.

கனமான சுவரும் அப்படித்தான். பாலைவனத்தில் இரவு 15, 20 டிகிரி இறங்கிவிடும், பகலில் சுவர் குடித்த சூடு இரவில் வெளியே போய்விடும். இங்கே பகல் 33, விடியற்காலை 24. சுவர் ஆறுவதற்குள் அடுத்த சூரியன் வந்துவிடும்.

ஆகவே நமக்கு வரிசை வேறு. முதலில் கூரை, அடுத்து மேற்குப் பக்கம், பிறகு காற்றோட்டம், ஏர்கோன் கடைசியில். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏர்கோனை மாட்டிவிட்டு, மின் கட்டணம் வந்த பிறகுதான் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

சூடு எந்தப் பக்கமிருந்து வருகிறது?

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல இன்று இருப்பது மலிவு விலை வரிசை வீடுகளில். இந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். அந்தச் சுவர்களில் வெயில் படுவதே இல்லை. வெயில் வர மூன்றே வழி: கூரை, முன்பக்கம், பின்பக்கம். மூலை வீடாக இருந்தால் நான்காவது ஒன்று சேரும். பழைய லயத்திலோ தனிப் பலகை வீட்டிலோ இருப்பவர்களுக்கு எல்லாப் பக்கமும் கணக்கில் வரும், ஆனால் அங்கேயும் கூரைதான் பெரிய எதிரி. சுங்கை சிப்புட் பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரிகூட வடக்கே இல்லை. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. மற்ற மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் நல்ல வெயில் நாளாகப் பார்த்து வீட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். பிற்பகல் 2 மணிக்கு நாற்காலி போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். மாலை ஆறரை மணிக்கு வீட்டின் முன்பக்கச் சுவரையும் பின்பக்கச் சுவரையும் தொடுங்கள். இரவு பத்தரைக்கு இன்னொரு முறை. சீலிங் சுட்டால் கூரை வேலை. மாலையில் ஒரு சுவர் மட்டும் சுட்டால் அது மேற்குச் சுவர், அதற்கு நிழல் வேண்டும். வெளியே குளிர்ந்த பிறகும் உள்ளே எல்லாச் சுவரும் வெதுவெதுப்பாக இருந்தால் இரவுக் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை இதற்கு எடுக்காதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை உடல் சூட்டு அளவை மட்டும்தான் காட்டும். கை போதும்.

நேரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் பேராக்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் மணி வாக்கில். மேற்கு வெயில் நான்கு மணிக்குச் சாய ஆரம்பித்து ஏழு மணி வரை சுவரைச் சுடும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்தில்தான் வீடு மிகவும் சூடாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோமே, அது வெறும் அலுப்பு இல்லை.

கூரை: முதலில் ஒழுகல்

ஒழுகும் கூரைக்குக் கீழே எதைப் பரப்பினாலும் வீண். பகலில் விளக்கை அணைத்துவிட்டு சீலிங் கதவைத் திறந்து மேலே பாருங்கள். தகரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் நட்சத்திரம் மாதிரித் தெரியும், சாக்பீஸால் பக்கத்துச் சட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தகரத்தைவிட ஆணியடியில்தான் அதிகம் ஒழுகும். ஸ்குரூவுக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்துப் போயிருக்கும். பழைய ஸ்குரூவைக் கழற்றி, ஒரு சுற்றுப் பருமனான புதிய ஸ்குரூவைப் புது வாஷரோடு போடுங்கள். வாஷர் தகரத்தோடு ஒட்டி லேசாகப் பிதுங்கினால் போதும். இன்னும் முறுக்கினால் ரப்பர் அன்றே கிழியும்.

சின்ன ஓட்டைக்குக் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துடைத்து, பியூட்டைல் டேப் (பசையுள்ள ரப்பர் நாடா) ஒட்டுங்கள். துருவின் மேலேயே சிலிக்கோனை அப்பினால் அது துருவோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

ஏறும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் அலையலையாக இருக்கும் கூரைத் தகடும், தட்டையான பழைய சீலிங் தகடும் அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுக்கவோ துளைக்கவோ தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வியாதி பல வருடம் கழித்து வரும். ஏறி மிதித்தால் தகடும் தாங்காது, ஆள் உள்ளே விழுந்துவிடுவார். அப்படிப்பட்ட கூரை என்றால் அதை விட்டுவிட்டு, இந்த வழிகாட்டியின் சுவர், ஜன்னல் பகுதிக்குப் போய்விடுங்கள். மாற்றுவதென்றால் அதற்குப் பழகிய ஆட்களை வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

தகரக் கூரையில் நடக்கும்போது ஸ்குரூ வரிசை போகும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள், அதற்குக் கீழேதான் சட்டம் இருக்கிறது. ரப்பர் அடிச் செருப்பு, கீழே ஏணியைப் பிடிக்க ஒரு ஆள், கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி எங்கே என்று முன்கூட்டியே ஒரு பார்வை. இடி முழக்கம் கேட்டால் வேலை பாதியில் நின்றாலும் இறங்கிவிடுங்கள்.

வெள்ளைப் பூச்சு

துருப்பிடித்த தகரம் வெயிலில் பெரும்பங்கை உறிஞ்சி 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். நல்ல வெள்ளைக் கூரைப் பெயிண்ட் புதிதாக இருக்கும்போது வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். செலவுக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் இதைவிட நல்ல வேலை இந்தப் பட்டியலில் இல்லை.

மேற்குக் கரையில் பிப்ரவரி, ஜூன், ஜூலை மாதங்கள் இதற்குத் தோதானவை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் மழை வந்து ஈரப் பெயிண்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். முதல் நாள் கூரையைக் கழுவிப் பாசியை எடுங்கள். துருப்பட்ட இடத்தில் துருத் தடுப்பு பிரைமர் அடியுங்கள். மறுநாள் காலையில் பனி ஈரம் காய்ந்ததும் ஆரம்பித்து, தகரம் கை வைக்க முடியாமல் சுடுவதற்கு முன் ஒரு பூச்சை முடித்துவிடுங்கள். சுடும் தகரத்தில் அடித்த பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து, பின்னால் பொரிந்து வரும். இரண்டாவது பூச்சு அடுத்த நாள். டின்னில் எழுதியிருக்கும் சதுர மீட்டர் கணக்கு சமதளத்துக்கானது. அலைத் தகரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டும்.

நம் ஊர் ஈரத்தில் வெள்ளைக் கூரை சீக்கிரமே பாசி பிடித்துக் கறுக்கும். வருடத்துக்கு ஒரு முறை மெல்லிய பிரஷால் கழுவாவிட்டால் போட்ட காசில் பாதி வீண். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் பெயிண்ட் அடித்த பிறகு வரும் முதல் சில மழைகளை வெளியே விட்டுவிடுங்கள்.

ஓட்டுக் கூரை என்றால் பெயிண்டை விட்டுவிட்டு நேராக அடுத்த வேலைக்கு வாருங்கள்.

கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில்

சூடான தகரத்திலிருந்து சூடு கதிராகத்தான் கீழே பாய்கிறது. பளபளக்கும் அலுமினியத் தாள் அந்தக் கதிரை மிகக் குறைவாகவே வெளியே விடும், நூற்றில் ஐந்து பங்கு அளவுக்குத்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் காற்று இடைவெளி இருக்க வேண்டும். பளபளக்கும் பக்கம் எதிலாவது ஒட்டிக்கொண்டால் சூடு நேராகக் கடந்து போய்விடும்.

ஒரே பக்கம் பளபளக்கும் தாள் என்றால் பளபளப்பைக் கீழ்நோக்கி வையுங்கள். மேல்நோக்கி இருந்தால் தூசு படிந்து ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும். கடைக்காரர் வேறு மாதிரி சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கூரைச் சட்டங்களின் அடியில், தகரத்திலிருந்து குறைந்தது இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி, தாளைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டுங்கள். மரச் சட்டம் என்றால் ஸ்டேப்ளர், இரும்புச் சட்டம் என்றால் பிளாஸ்டிக் கட்டுவார். ஒரு தாளின் விளிம்பு மற்றதன் மேல் ஒரு கையகலம் ஏறியிருக்கட்டும். கூரையின் கீழ் ஓரத்திலும் உச்சியிலும் காற்று போக இடம் விடுங்கள்.

அலுமினியத்தில் மின்சாரம் பாயும். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும், வயர் போகும் இடத்தில் ஸ்டேப்ளர் அடிக்கவே கூடாது. ஆஸ்திரேலியாவில் 2009-இல் அரசாங்கம் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்பு போடும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சில மாதங்களில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள், மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் வெப்பம் தாங்காமல். இரண்டும் நமக்கும் பொருந்தும். சீலிங் மேல் வேலையைக் காலை ஏழரைக்கு ஆரம்பித்து பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். பழைய வீட்டில் எலி கடித்த வயர் தென்பட்டால் தாளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பதிவு பெற்ற மின் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

ராக்வூல் (பாறைப் பஞ்சு விரிப்பு) போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஏர்கோன் போட்டிருக்கும் அறைக்கு மேலே போடுவது நல்லது. ஆனால் கூரை ஒழுகினால் அது தண்ணீரைக் குடித்துக் கனத்து சீலிங்கை இறக்கிவிடும். ஏர்கோன் இல்லாத மலிவு வீட்டுக்கு அலுமினியத் தாளே என் சிபாரிசு.

உச்சியில் சூடான காற்று தேங்காமல் வெளியேற கூரை ஓரத்து அடிப்பலகையில் வரிசையாகத் துளையிட்டு வலை அடிக்கலாம். விரல் நுழையாத வலையாக இருக்கட்டும், இல்லையென்றால் வௌவால் குடும்பத்தோடு குடியேறிவிடும். கூரை மேல் சுழலும் காற்றாடிக் குடையைப் பார்த்திருப்பீர்கள். கீழே காற்று உள்ளே வர வழி வைக்காமல் அதை மட்டும் மாட்டினால் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

மேற்குச் சுவர்

வெயிலைக் கண்ணாடிக்கும் சுவருக்கும் வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும் சூடு அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது.

மிக மலிவான வழி செம்பனை நாற்றங்காலில் கட்டும் கறுப்பு வலை. விவசாயப் பொருள் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். 70 விழுக்காடு நிழல் தருவதாகக் கேளுங்கள். கூரை ஓரத்தில் ஒரு கம்பியில் கோத்து, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளித் தொங்க விடுங்கள். வலை சூடானாலும் அந்த இடைவெளியில் காற்று மேலேறி சூட்டை எடுத்துப் போய்விடும். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மூங்கில் பிடாய் (சுருட்டும் தட்டி). எதைப் போட்டாலும் சுருட்டிக் கட்டும்படி இருக்கட்டும். மேற்குக் கரையில் விடியற்காலையில் திடீரென்று அடிக்கும் சுமாத்ரா காற்று, அசையாமல் கட்டியதைத்தான் முதலில் பிய்க்கும்.

இடம் இருந்தால் ஒரு வாழைக் கொத்து. சீக்கிரம் வளரும், வேர் சுவரை உடைக்காது, இலையும் காயும் வீட்டுக்கு ஆகும். மூலை வீட்டில் கம்பி வலை கட்டி கோவைக் கொடியோ மார்கிசாவோ (பேஷன் பழக் கொடி) படரவிடலாம். கொடி சுவரிலேயே ஏறாமல் வலையில் நிற்கட்டும், சுவரில் ஏறினால் ஈரமும் எறும்பும் சேர்ந்து வரும்.

முன்பக்கம் ஆவ்னிங் (நிழற்கூரை) போட நினைப்பவர்களுக்கு: ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் வேண்டாம். வெளிச்சமாக இருக்கிறது என்று ஆசைப்பட்டுப் போடுகிறார்கள், மதியம் அதன் கீழே நிற்க முடியாது, அந்தச் சூடு நேராக வரவேற்பறைக்குள் வருகிறது. ஒளி புகாத தகடு போடுங்கள். நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் உங்கள் நகராண்மைக் கழகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். போட்ட பிறகு பிரிப்பது இரட்டைச் செலவு.

ஜன்னல், காற்று, காற்றாடி

பழைய நாக்கோ ஜன்னலை (கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறப்பது) எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடி போடுவது இப்போது நாகரிகம். காற்றுக்காக என்றால் அதைச் செய்யாதீர்கள். நாக்கோவைத் திறந்தால் ஏறக்குறைய முழு ஜன்னலும் திறக்கிறது, மழை பெய்யும்போதும் பாதி திறந்து வைக்கலாம். தள்ளும் ஜன்னல் எப்போதுமே பாதிதான். உடைந்த கண்ணாடிப் பட்டையை மட்டும் மாற்றி, கைப்பிடி மூட்டில் எண்ணெய் விட்டு, கொசுவலையை மாதம் ஒரு முறை கழுவினால் போதும். தூசு அடைத்த வலை காற்றைத் தடுப்பதில் பலகைக்குச் சமம்.

காற்று வர ஒரு வழியும் போக ஒரு வழியும் வேண்டும். வரிசை வீட்டில் முன் ஜன்னலையும் பின் சமையலறையையும் படுக்கையறைக் கதவு பிரித்துவிடுகிறது. கதவுக்கு மேல் காற்றுச் சட்டம் ஒன்று வைத்தால் கதவைச் சாத்திக்கொண்டே தூங்கலாம். சமையலறை வெளிச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் காற்றாடி ஒன்றைப் பொருத்தி, இரவு எட்டு மணிக்கு மேல் முன் ஜன்னல்களைத் திறந்து அதை ஓட விடுங்கள். சுவர் குடித்த சூடு வெளியேற இதுதான் வழி. சமைக்கும்போது எழும் ஆவியையும் அதுவே எடுத்துவிடும்.

சீலிங் காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது ஓடுவது வீண் செலவு. கூரை வேலை செய்யாத வீட்டில் அது சுடும் சீலிங்கின் சூட்டையும் சேர்த்துத் தலையில் இறக்கும். இறக்கை தரையிலிருந்து ஏழு அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சீலிங் தாழ்வாக இருந்தால் குட்டைத் தண்டு கேட்டு வாங்குங்கள். கொக்கி கூரைச் சட்டத்தில் பிடித்திருக்க வேண்டும், சீலிங் பலகையை நம்பாதீர்கள். பாதுகாப்புக் கம்பியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். "அண்ணே, அந்தக் கம்பியையும் மாட்டிட்டுப் போங்க" என்று நின்று சொல்லுங்கள். சாதாரணக் காற்றாடி 60, 70 வாட், டிசி மோட்டார் வைத்தது அதில் பாதி. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் முழு வேகத்தில் 800 வாட் பக்கம் இழுக்கும்.

ஈரம்

பாலைவன வீட்டில் தண்ணீரைச் சேர்ப்பார்கள், நாம் விரட்ட வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். துணியை வீட்டுக்குள் காயப் போடாதீர்கள், மழைக் காலத்தில் பின்கட்டு ஆவ்னிங்கின் கீழ் கொடி கட்டுங்கள். சுவரில் பூஞ்சை படர்ந்தால் பிளீச்சை நீர்த்துத் துடைக்கலாம், ஆனால் காடியோடும் (வினிகர்) கழிவறை ஆசிட்டோடும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தால் அங்கே குழாய்க் கசிவோ கூரைக் கசிவோ இருக்கிறது.

மழைத் தண்ணீரைப் பிடிப்பது தனி லாபம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர், வாசல் கழுவவும் செடிக்கும் தாராளமாக ஆகும். பீப்பாயை மூடியும் வலையும் போட்டு இறுக்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் புழு கண்டுபிடித்தால் அபராதம் உண்டு.

ஏர்கோன்

இவ்வளவும் செய்த பிறகும் தூங்க முடியவில்லை என்றால், குறிப்பாக வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், ஒரே ஒரு அறைக்குப் போடுங்கள். மேற்கு வெயில் படாத அறையாகத் தேர்ந்தெடுங்கள். சின்னப் படுக்கையறைக்கு ஒரு குதிரைத்திறன் போதும், ஆற்றல் லேபிளில் நட்சத்திரம் கூடுதலாக உள்ளதைப் பாருங்கள். இங்கே மட்டும் நாக்கோ ஜன்னல் பகை. எவ்வளவு இறுக்கி மூடினாலும் பட்டைகளுக்கு நடுவில் குளிர் வெளியே போகும். அந்த அறையில் மட்டும் உள்பக்கமாகத் தெளிந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கழற்றி மாட்டும்படி பொருத்துங்கள். 25, 26 டிகிரியில் வைத்துக் காற்றாடியையும் மெதுவாகச் சுற்ற விட்டால் இன்னும் சில டிகிரி குறைத்து வைத்த சுகம் கிடைக்கும்.

அதற்கென்று தனி மின்வழி, மெயின் பெட்டியிலிருந்து நேராக இழுத்தது. பொருத்துபவர், பக்கத்தில் இருக்கும் பிளக்கிலேயே கொடுத்துவிடலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். வெளியே வைக்கும் கம்ப்ரசருக்கு நிழல் வேண்டும், ஆனால் அதைச் சுற்றி அடைத்துவிடக் கூடாது. வடியும் தண்ணீர்க் குழாயைச் சரிவாக இழுத்து நேரே சாக்கடையில் விடச் சொல்லுங்கள். வாளியில் பிடித்துத் துணி அலசுபவர்கள் அந்த வாளியைத் தினமும் கவிழ்த்துவிட வேண்டும்.